தவம் அண்ணையின் பனிக்காலக் கார்

செய்தி வந்தபோது நான் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ராஜன் தொலைபேசியில் அழைத்தார். என் கணவர் எதையும் சுற்றி வளைத்தே சொல்லுகிறவர். அன்று சுற்றவில்லை. "தவம் அண்ணை மோசம் போயிட்டார். விடியப்புறம் நித்திரையிலை. கமலம் அக்கா இப்பதான் வந்து சொன்னா." முருங்கைக்காயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அழுகை வருவதற்கு முன்னால் ஒரு பைத்தியக்கார யோசனைதான் வந்தது: இந்த மனிதர் ஆயத்தமில்லாமல் எங்கும் வெளிக்கிட மாட்டாரே! கோயிலுக்குப் போவதென்றாலும் முதல்நாளே சப்பாத்தை வாசலில் எடுத்து வைக்கிறவராயிற்றே.

தவம் அண்ணையைத் தெரிந்த நோர்பரிக்காரர் பலர் இதை வாசிப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவராசா என்பது முழுப்பெயர். கவுன்சிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி கமலம் அக்காவும் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. தெற்கு லண்டனில் அவரைப்போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. இதை அவர் முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆகவே இப்போது எழுதுவதில் பிழையில்லை. மின்தூக்கிக்குப் பயம், நாய்க்குப் பயம் என்று சொல்லத் தொடங்கினால் முடியாது. பார்க்கிங் டிக்கெட் எழுதுகிறவரைத் தூரத்தில் கண்டாலே, காரே கொண்டுவராத நாளிலும் நடையை வேகமாக்குவார். யுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், அதுதான் இப்படி என்று யாராவது அனுதாபப்பட்டால் அவருக்குக் கோபம் வரும். "நான் சின்னனிலையே பயந்தவன். சும்மா யுத்தத்திலை பழியைப் போடாதையுங்கோ" என்பார்.

அந்தப் பயம் முழு அழகோடும் வெளியே வருகிற நாள், ஒக்டோபர் கடைசியில் குளிர்காலத்துக்காக இந்த நாடு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுகிற ஞாயிறு. ஊரெல்லாம் கூடுதலாகக் கிடைத்த ஒரு மணித்தியாலத்தைப் படுத்துக் கழிக்கும். அண்ணை வீதியில் நிற்பார். சாம்பல் நிறத்தில் அவருடைய பழைய கார், முன்மூடி திறந்தபடி, பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்திருப்பதுபோல் நிற்கும். பற்றரியின் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையைச் சுரண்டுவார். தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் அன்ரிபிறீஸ் போதுமான அளவு இருக்கிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்ப்பார். இருபது பென்ஸ் காசை ரயரின் வரிகளுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். கண்ணாடி கழுவ வெறும் தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் கண்டால், குழந்தைக்குப் பச்சைத் தண்ணீர் பருக்கியவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். உறையாத நீலத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கடைசியாக டிக்கி. கம்பளி, சிறிய மண்வெட்டி, ரோர்ச், பிஸ்கற், சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு பெரிய பை பூனை மணல். பூனைகள் ஒதுங்குவதற்கு வீட்டுக்குள் வைப்பார்களே, அந்த மணல். அண்ணை வீட்டில் பூனை கிடையாது. ரயர் பனியில் சுற்றினால் அடியில் தூவுவதற்கு அது. கமலம் அக்கா அதைக் கடையில் வாங்கும்போதெல்லாம் காசாளர் பெண் பூனையின் பெயரைக் கேட்பாளாம். அக்கா ஒருநாள் பொறுக்கமுடியாமல் "தவராசா" என்று சொல்லிவிட்டா.

நான் சும்மா இருப்பேனா? வாசலில் தேத்தண்ணியோடு நின்று கேட்பேன்: "அண்ணை, நீங்கள் போறது சைபீரியாவுக்கோ, பக்கத்திலை குரொய்டனுக்கோ?"

"சிரி பிள்ளை, சிரி. பனி வந்து சொல்லிப்போட்டே வரும்?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வருடம், கதவின் ரப்பரில் எண்ணெய் பூசினால் குளிரில் கதவு ஒட்டாது என்று எங்கேயோ கேட்டுவிட்டு, வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை நாலு கதவுக்கும் தாராளமாகப் பூசிவிட்டார். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாய் இறுகிப்போகிற நாடு இது. அடுத்த குளிருக்குக் கதவோரமெல்லாம் மெழுகுதிரி உருகி வடிந்ததுபோல் ஆகிவிட்டது. அந்தக் காரில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போய் இறங்கிய என் கருநீலப் பட்டுச் சேலையில் இடுப்பிலிருந்து கால்வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. கார் முழுக்க, எண்ணெய் வைத்துத் தலை சீவிய பள்ளிக்கூடப் பிள்ளை வாசனை. "அண்ணை, ரெண்டு பின்னல் பின்னி ரிபனும் கட்டிவிடுங்கோவன்" என்றேன். அவர் என் சேலையைப் பார்த்துவிட்டு, "வாசிலீன்தான் சரி போலை" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் வாசிலீன் பூசினார். அது சரியாக வந்தது.

எங்கள் கேலிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இத்தனை ஆயத்தமும் செய்கிற மனிதர், உண்மையில் பனி விழுந்தால் காரைத் தொடமாட்டார். யன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார். "ஓடாத காருக்கு எதுக்கண்ணை இவ்வளவு சோடனை?" என்று ராஜன் ஒருமுறை கேட்டார். அண்ணை யோசித்துத்தான் பதில் சொன்னார்: "ஓடுறதுக்கில்லை, ராஜன். ஓட வேண்டி வந்தால்." ராஜன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த நாட்களில் என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டிருந்தன. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பேன். இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பெயர் கொடுத்து வருடங்கள் போயிருந்தன. தொலைபேசி எப்போதும் என் பக்கத்திலேயே இருக்கும். அது அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை துள்ளும். எடுத்தால் யாராவது யன்னல் விற்கிற கொம்பனிக்காரன் பேசுவான்.

கடைசியில் அந்த அழைப்பு ஒரு பனி நாளில் வந்தது. விடிந்ததிலிருந்து விழுந்த பனியில் பஸ் நின்றுவிட்டது, ரயிலும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். பொருத்தமான சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, ஒன்றும் சாப்பிட வேண்டாம், எவ்வளவு விரைவாக வர முடியும் என்று கேட்டாள். வண்டி அனுப்பப் பார்ப்பதாகவும், இந்தப் பனியில் எப்போது வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் மிகவும் அன்பாகச் சொன்னாள். என்னால் வர முடியாமல் போனால் அது அடுத்தவருக்குப் போகும். அதையும் அன்பாகத்தான் சொன்னாள். உடனே வருகிறோம் என்று சொல்லிவிட்டு நான் சோற்றுக் கோப்பையை மூடினேன்.

ராஜன் ஓடிப்போய் எங்கள் காரைத் திறந்தார். சாவியைத் திருப்பினால், தொண்டை கட்டியவர் செருமுவதுபோல் ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. பற்றரி செத்துவிட்டது. அவர் அதை விளங்கிக்கொள்ளாமல், பதற்றத்தில் கேத்தல் நிறையக் கொதிதண்ணீர் கொண்டுவந்து முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனிமேல் ஊற்றினார். கண்ணாடி ஒரு கரையிலிருந்து மறு கரைவரை வெடித்தது. டாக்சிக்காரர் எவரும் வரச் சம்மதிக்கவில்லை. ராஜன் வெறும் கேத்தலோடு வீதியில் நின்றார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் இருந்துவிட்டேன். இவ்வளவு வருடம் காத்திருந்து, குரொய்டன் பக்கத்துப் பனியில் போகப்போகிறது என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு யன்னல் திரை அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணை கதவைத் திறந்து, குரங்குத்தொப்பியும் கையுறையுமாக வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகம் வெளிறிப்போனது எனக்குத் தெரிந்தது. கார்ச் சாவியை ராஜனிடம் நீட்டினார்.

"கார் ஆயத்தம். ராஜன், நீர் காரை ஓடும். எனக்குப் பனியிலை ஓடப் பயம்."

ராஜன் கையை நீட்டினார். அண்ணை சட்டென்று சாவியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, ஏலாது. இன்சூரன்ஸ் என்ர பேரிலை மட்டும்தான் இருக்கு."

"அண்ணை, இப்பவா இன்சூரன்ஸ்!" என்று ராஜன் கத்தியேவிட்டார்.

"இப்பதான் ராஜன் இன்சூரன்ஸ். நீர் கொண்டுபோய் எங்கையாவது இடிச்சால் பொலிஸ் மறிக்கும். பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேராது." சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏறு பிள்ளை" என்றார்.

அந்த நிலையிலும் கண்ணாடியைக் கண்தெரியுமளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டு வெளிக்கிடச் சம்மதிக்கவில்லை. முழுக் கண்ணாடியும், பின் கண்ணாடியும், கூரையில் இருந்த பனியும் போகவேண்டும் என்றார். "பொந்துக்குள்ளாலை றோட்டைப் பார்க்கப்படாது" என்றார். ராஜனும் கமலம் அக்காவும் சுரண்டினார்கள். சாவியைத் திருப்பியதும், சித்திரை மாதத்துக் கார்போல் அது உடனே எழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன்.

இரண்டாம் கியரில், நடக்கிற வேகத்தில் போனோம். சாமான் வண்டில் இழுத்துக்கொண்டு போன ஒரு வெள்ளைக்கார மூதாட்டி எங்களை முந்திப்போய், திரும்பிக் கையும் காட்டினா. அண்ணையின் உதடுகள் முருகனைக் கூப்பிட்டபடியே இருந்தன. ஒரு மேட்டில் கார் நின்று ரயர் வெறுமனே சுற்றியது. ராஜன் இறங்கி மண்வெட்டியால் விலக்கி, பூனை மணலை அள்ளித் தூவினார். கார் ஒருமுறை உதறிக்கொண்டு மேலே ஏறியது. அந்தப் பூனைக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று அப்போது நினைத்தேன்.

"பயமா அண்ணை?" என்று கேட்டேன்.

"பயமில்லாமல்? சரியான பயம். நீ கதையாதை, நான் றோட்டைப் பார்க்கிறன்."

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. என்னை உள்ளே கொண்டுபோனார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து அடுத்த நாள் நான் கண் விழித்தபோது, ராஜன் என் காதில் முதலில் சொன்னது சிறுநீரகம் வேலை செய்கிறது என்று. இரண்டாவதாகச் சொன்னது, அண்ணை இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, கீழே கதிரையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருக்கிறார் என்று. பனி உருகும்வரை அவர் காரை எடுக்கவேயில்லை. ஏன் உடனே திரும்பிப் போகவில்லை என்று பிறகு அவரிடம் கேட்டேன். "வாறதுக்குக் காரணம் இருந்தது பிள்ளை. திரும்பிப் போறதுக்கு என்ன அவசரம்?" என்றார்.

அதற்குப் பிறகு மணிக்கூட்டு ஞாயிறு எங்கள் வீதியில் திருநாளானது. எங்கள் கார், பக்கத்து வீட்டுக் கார், மேல்வீதியில் இருக்கும் மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் கார் எல்லாம் வரிசையாக வாயைத் திறந்து நிற்கும். நான் தேத்தண்ணியும் வடையும் கொடுப்பேன். கேலியை நான் விட்டுவிடவில்லை. விட்டால் அவர் சந்தேகப்படுவார்.

இறுதிக்கிரியை நாள் விடிய நல்ல குளிர். வீதியில் நின்ற அத்தனை கார்களும் வெள்ளையாக உறைந்திருந்தன. சவவண்டி வர இன்னும் நேரம் இருந்தது. சவுத்தாலில் இருந்து வந்த உறவுக்காரப் பெடியன் ஒருவன் தன் கண்ணாடியில் கையளவு பொந்து சுரண்டிவிட்டு ஏறப்போனான். "தம்பி, இண்டைக்காவது முழுக்கச் சுரண்டு" என்றேன். அவன் வெட்கப்பட்டுச் சுரண்டத் தொடங்கினான். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் இறங்கினார்கள். வெள்ளை வேட்டியும் சேலையும் கறுப்புக் கோட்டுமாக எல்லோரும் யாருடைய கார் என்று பாராமல் சுரண்டினோம்.

கடைசியில் அண்ணையின் கார் மட்டும் மிச்சம். ஒக்டோபரிலேயே அதற்கு எல்லாம் செய்து முடித்திருந்தார். இன்சூரன்ஸ் அவர் பேரில் மட்டும்தான். அதை யாரும் எடுக்கப்போவதில்லை. ராஜன் போய் அதன் முன்கண்ணாடியைச் சுரண்டினார், பிறகு பின்கண்ணாடியை, பிறகு கூரையைத் துடைத்தார். வாசலில் நின்ற கமலம் அக்கா கேட்டா: "உது எங்கையும் போகாதே, ராஜன். உதை ஏன் துடைக்கிறீர்?"

ராஜன் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஓட வேண்டி வந்தால், அக்கா" என்றார்.

எனக்குள் இருக்கும் சிறுநீரகத்தைத் தந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்காகத் தினமும் விளக்கேற்றுகிறேன். அதனிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைத் தெரியும். அவருடைய பூனை மணல் பையைக் கமலம் அக்கா எங்களுக்குத் தந்தா. அது இப்போது எங்கள் டிக்கியில் இருக்கிறது. அவருடைய பயத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். நேற்று வானொலியில் பனி வரலாம் என்றார்கள். எழுந்துபோய்ப் பற்றரியைப் பார்த்துவிட்டு, எங்கள் கார் இன்சூரன்ஸில், ஓடத் தெரிந்த கமலம் அக்காவின் பெயரையும் சேர்த்தேன்.