முட்டி மாட்டிய பந்தயக் கார்

பழங்காலப் பந்தயக் காரொன்றின் படத்தைப் பேரன் போனில் காட்டினான். இப்போது இல்லாத எங்கள் தெரு போட்டோ ஸ்டுடியோவில், பிரெஞ்சுப் பத்திரிகையைப் பார்த்துப் பலகையில் செய்த அப்படியொரு நீண்ட கார் நின்றது. உள்ளே வார்னிஷும் யார் யாருடையதோ வியர்வையுமாக நாறும். சிறுவயதில், தேவாலயத்தில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய கையோடு அதில் ஏறிய எனக்கு முட்டி மாட்டிக்கொண்டது.

"இழுக்காதீங்க, காரு உடைஞ்சிடும்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"இரவல் கால்சட்ட கிழிஞ்சா எங்க அண்ணன் உயிர எடுத்துடுவாரு. அடுத்த வருஷம் அவரு புள்ளைக்கு வேணும்," என்றார் அப்பா.

காரைக் காப்பதற்கும் கால்சட்டையைக் காப்பதற்குமான நடைமுறைகள் விரிவாக ஆராயப்பட்டன; என்னைக் காக்க விதி ஏதும் இல்லை. கால் மரத்துப்போய் நான் விழித்துக்கொண்டிருக்கையில், சும்மா நிற்பானேன் என்று படத்தையும் எடுத்துவிட்டார்கள். பிறகுதான் கால்சட்டையின் பித்தானைக் கழற்றி, என்னை மட்டும் உருவினார்கள்.

கண் பிதுங்கிய அந்தப் படத்தைப் பார்த்த உறவினர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "என்னா ஸ்பீடுடா!"