பத்தொன்பதாயிரத்து நூறாம் வருடம்

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். கம்ப்யூட்டர் விஷயத்தை எழுத வந்ததற்குப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் புரிந்தவரைதான் சொல்கிறேன்.

அக்கா அப்போது மறைமலை நகரில், வண்டி உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனியில் தற்காலிக வேலையில் இருந்தாள். பெட்டிகளின்மேல் ஒட்டும் சீட்டில் தேதி அடிக்கும் புரோகிராம் அவள் எழுதியது. பொங்கலுக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் அதை விட்டுவிட்டுக் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

இரண்டாயிரமாம் வருடம் பிறந்த அன்று அக்காவுக்கு விடுமுறை. காலையில் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. சூப்பர்வைசர் இறங்கி, ஒரு சீட்டை அக்காவிடம் நீட்டினார்.

“இன்னாம்மா இது? பத்தொம்பதாயிரத்து நூறாம் வருசமாம். இந்தச் சீட்டோட சரக்க எடுக்க மாட்டேங்கறான். அதுவரைக்கும் லாரி கேட்லயே நிக்கணுமா?”

வேலையை விடச் சொல்லிக்கொண்டிருந்த அப்பாவே முந்திக்கொண்டு, மிஷின் கோளாறாக இருக்கும் என்றார். சூப்பர்வைசரும் மேலதிகாரிகளிடம் அப்படித்தான் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அக்கா தலையாட்டியிருந்தால் போதும்.

“மிஷின் இல்லப்பா. நான் எழுதனதுதான் தப்பு.”

எனக்கு அழுகை வந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

வருடம் கேட்டால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்து எத்தனை வருடம் ஆயிற்று என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லுமாம். நேற்றுவரை தொண்ணூற்றொன்பது என்றது. அக்கா அதன் முன்னால் ஒரு பத்தொன்பதை எழுதிவைத்திருந்தாள், சரியாக வந்தது. இன்று அது நூறு என்றதும் குட்டு வெளிப்பட்டது.

“முன்னாடி ஒட்டிட்டேன் சார். ஒட்டக் கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கூட்டணும்.”

“கூட்டனா அடுத்த வருசம் மறுபடி வந்து நிக்க மாட்டனே?”

“எந்த வருசத்துக்கும் சரியா வரும் சார்.”

சூப்பர்வைசர் அதன்பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சம்பளக் கணக்கிலும் இப்படி எங்காவது இருக்குமா, வந்து பார்க்கிறாயா என்று கேட்டார். அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு வேனில் ஏறினார்.

தப்பை ஒப்புக்கொண்டவளை ஏன் இவ்வளவு மரியாதையாக அழைத்துப் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வாசலில் நின்றேன். தப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேன் வந்தது, அக்கா வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாக இருந்த அப்பா போகவில்லை.