மாமாவின் ஃபர்ஸ்ட் எடிஷன்கள்

என் அக்கா புருஷனுக்குக் கம்ப்யூட்டர ஆன் பண்ணக்கூடத் தெரியாது. ஆனா பெரிய பெரிய கம்ப்யூட்டர் மேதைங்க எழுதின புத்தகமெல்லாம் ஃபர்ஸ்ட் எடிஷனா வீட்டுல அடுக்கி வெச்சிருந்தாரு. கிள்ளான் துறைமுகத்துல ஒரு கப்பல் ஆபீஸ்ல கிளார்க். வேலை முடிஞ்சு நாட்டுக்குத் திரும்புற வெள்ளைக்காரனுங்கள தேடிப் போய் வாங்குவாரு. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுல கண்ணாடி அலமாரி, அதுக்குப் பூட்டு வேற. வர்றவங்ககிட்டெல்லாம், "இருபது வருஷம் போகட்டும், இதோட மதிப்பே வேற லா"ன்னு பீத்திக்குவாரு. த்தூ! நாய் பெற்ற தெங்கம்பழம், தானும் திங்காது, அடுத்தவங்களுக்கும் விடாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

அக்கா அப்போ பேங்க்ல டேட்டா என்ட்ரி. புரோகிராமர் ஆகணும்னு வேலை முடிஞ்சு வந்து சாயங்கால வகுப்புல படிச்சா. அந்தப் பரீட்சையில தேறினாத்தான் வேலைய மாத்துவோம்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. முக்கியமான பாடத்த லைப்ரரி புத்தகத்துலேர்ந்து எவனோ புண்ணியவான் கிழிச்சிட்டுப் போயிருந்தான். அதே புத்தகம் சொந்த வீட்டு அலமாரியில! கேட்டா, "விரிச்சா புத்தகத்தோட முதுகு உடைஞ்சிடும்"னாரு. போட்டோஸ்டேட்டாவது எடுக்கலாமேன்னு நான் கேட்டேன். "மெஷின்ல வெச்சு அமுக்குவியா?"ன்னு, பச்சப்புள்ளைய நசுக்கக் கேட்ட மாதிரி பதறுறாரு மனுஷன்.

சரஸ்வதி பூஜை வந்துச்சு. ஆபீஸ் ஆளுங்கள கூப்பிட்டிருந்தாரு, அவங்க பார்த்து வாயப் பொளக்கணுமே! மொத்தப் புத்தகத்தையும் சாமி முன்னால அடுக்கி, பிளாஸ்டிக் உறை மேல தானே ஒத்தி ஒத்திப் பொட்டு வெச்சாரு. மறுநாள் விஜயதசமி காலையில, எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அவர் அம்மா கற்பூரம் காட்டி முடிச்சு, "பூஜையில வெச்சத எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் படிங்கப்பா"ன்னாங்க.

அக்கா நேரா போய் அந்தப் புத்தகத்த எடுத்தா. உறைய உருவினா. முதுகு படக்குன்னு சத்தம் போட விரிச்சு உக்காந்துட்டா. மாமா மூஞ்சி செத்துப் போச்சு. அன்னைக்குப் படிக்கிறவ கையிலேர்ந்து புத்தகத்தப் பிடுங்கினா அவர் அம்மாவே செவுள்ல விட்டிருப்பாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சந்தோஷம்! பாடத்த முழுசா எழுதி எடுத்துட்டுத்தான் அக்கா எந்திரிச்சா.

அவ பாஸ் பண்ணி புரோகிராமரும் ஆனா. உடனே இவரு, "எல்லாம் என் புத்தகத்தால வந்தது"ன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. வெட்கங்கெட்ட ஜென்மம்! ஒரு நாள் ஆபீஸ் ஆளு ஒருத்தர் என் முன்னாலயே கேட்டாரு: "அப்படி அதுல என்னதான் இருக்கு, பாஸ்?"

மாமா அலமாரிப் பூட்டத் திறந்து அந்தப் புத்தகத்த எடுத்துக் காட்டினாரு.

"தாள பாருங்க"ன்னாரு. "இன்னும் மஞ்சளாகவே இல்ல லா."