பாப்பாவின் மேல் பழியில்லை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. காரிமங்கலத்தை அடுத்த சிற்றூரில், மானாவாரியில் நிலக்கடலை போட்ட அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தையல் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். எனக்குத் தைத்த சுடிதாரில் மிஞ்சிய துணிதான் அவருக்கு ரவிக்கை. கோபம் வந்தால் மட்டும் அவர் குரல் தெருக்கோடி வரை கேட்கும்.

நல்லம்பள்ளியில் வாழ்க்கைப்பட்டு, பல வருடம் காத்திருந்து உண்டானார். ஐந்தாம் மாதத்தில் கழுத்தில் கட்டி தெரிந்தது. தைராய்டு புற்றுநோய் என்றார்கள். நான்தான் உடன் போனேன்.

"கர்ப்பத்தால இந்த வகை நோய் மோசமாகாதும்மா. இப்பவும் ஆபரேஷன் செய்யலாம், குழந்தை பொறந்தும் செய்யலாம். பெரும்பாலும் நல்லாயிடுவாங்க. ஆனா அதுக்கு மேல தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

பாப்பா பிறந்தாள். கழுத்தில் ஆபரேஷன் என்றால் தாலியைக் கழற்ற வேண்டும். அக்கா தயாராகத்தான் இருந்தார். "கழட்டி வெச்சிட்டுப் போலாம் வாடி, அது எங்க ஓடிடப் போவுது?" என்று சிரித்தார். படித்தவள் நான்தான் தடுத்தேன். "குலசாமிக்குக் கொழந்த மொட்டைய முடிச்சிட்டுத் தாலிய எறக்கிக்கலாங்க்கா. மாமாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அக்கா என் பேச்சைத் தட்டியதே இல்லை. மொட்டை முதலில் பங்காளி வீட்டுத் தீட்டால் தள்ளிப்போனது, பிறகு மழை பொய்த்துக் கையில் காசில்லை என்று. கட்டி வலிக்கவில்லை, அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. மூன்று வருடம் போய்விட்டது.

குரல் கம்மிய பிறகுதான் சேலத்துக்கு ஓடினோம். அதற்குள் நோய் நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவியிருந்தது. மாமா தன் கையாலேயே தாலியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. ஆபரேஷன், அயோடின் மருந்து என்று நான்கு வருடம் எல்லாம் செய்தும் நோய் நிற்கவில்லை. கடைசி மாதங்களில் அக்கா பாப்பாவைக் கை தட்டித்தான் கூப்பிட்டார்.

அக்காவை எடுத்த அன்று பந்தலில் ஒரு பெரியம்மா, "வவுத்துல வந்தப்பவே நோயக் கூட்டிட்டு வந்தா, பெத்தவள முழுங்கிட்டா" என்றார். ஏழு வயதுப் பாப்பா அங்கேயே நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

கூப்பிட்ட போதெல்லாம் சேலத்துக்குக் கார் ஓட்டிய மாமாவின் நண்பருக்கும், கடைசி வரை கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உறவினர்களே, பாப்பாவின் காதுபட அந்தப் பேச்சு இனி வேண்டாம்.

பாப்பா, நீ இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாய், இதையும் படி. உன் அம்மா உன்னால் சாகவில்லை. சித்தி பேச்சைக் கேட்டதால் செத்தார்.