பெரிய வெள்ளியில் வெளிவந்த பியானோ

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் மாதா கோயில் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பது பிரகாசத்தின் பொறுப்பு. கீபோர்டு வாசிக்கிற விரல்கள், அரிவாள்மணைப் பக்கம் போக வேண்டாம், தேங்காய்த் துருவி போதும் என்று கல்யாணமான புதிதில் ஜெசிந்தா தீர்மானித்தாள். அந்தச் சலுகை இன்றுவரை நீடிக்கிறது. சமையலறைத் தரையில் சம்மணமிட்டு, தாளம் பிசகாமல் அவர் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த போன் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"யாருங்க அது, உங்க போலந்து ரசிகரா?" என்றாள் ஜெசிந்தா.

"சும்னிரு" என்றார் பிரகாசம். எத்தனையோ வருஷம் இந்தக் கன்னட ஊரில் இருந்தும், வாயை மூடச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கன்னடம் வரும்.

பிரகாசம் பகலில் அக்ரஹாரத்து மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் ஜனங்களுக்கு ஃபிரேம் மாட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பார். மிச்ச நேரத்தில் அவர் ஒரு சர்வதேச இசை நிறுவனத்தின் தலைவர். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் அறையில்தான் தலைமையகம். பெயர், வாட்டர் டேங்க் ரெக்கார்ட்ஸ். கலைஞர், ஒலிப்பதிவாளர், விளம்பரப் பிரிவு எல்லாம் அவரே. போலந்தில் யாரோ ஒருவரைத் தவிர, ரசிகர் பிரிவும் அநேகமாக அவரே.

நிறுவனம் வெளியிடுவது டீப் ஹவுஸ். பாஸ் டிரம் இதயத்தைப் போல ஒரே சீராக இடிக்கும், அதன்மேல் மெதுவாக ஏதோ மிதக்கும். யாராவது பாட வருவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். பியானோ ஹவுஸ் என்று இன்னொன்று உண்டு. அதே இடிதான், ஆனால் பியானோ கார்டுகள், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகள், வந்து குதிக்கும். ஜெசிந்தா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து தூங்க வருகிறவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "மேல ஓடுறது மோட்டாரா, நீங்களா? சொன்னீங்கன்னா எந்த சுவிட்சை அணைக்கிறதுன்னு தெரியும்" என்பாள்.

புதிய வெளியீட்டில் மூன்று டீப் ஹவுஸ், ஒரு பியானோ ஹவுஸ். உலகம் முழுக்கப் புது இசை வெள்ளிக்கிழமைதான் வரும் என்பதால் பிரகாசமும் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேடினார். ஜனவரி மாதம், கடைக் காலண்டரில், ஏப்ரலில் ஒரு வெள்ளி சிவப்பாக இருந்தது. லீவு நாள், ஜனங்கள் ஆற அமரக் கேட்பார்கள் என்று அந்தத் தேதியையே கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார். அது ஏன் சிவப்பு என்று பார்க்கவில்லை. தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல் ஈஸ்டருக்கு நாள் எண்ணுகிற மனிதர்! அதோடு, கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களின் ஈமெயில் முகவரிகளையெல்லாம் அவர்களைக் கேட்காமலே நிறுவனத்தின் ரசிகர்களாகச் சேர்த்திருந்தார். வெளியீடு வந்ததும் மெஷின் தன் கடமையைச் செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டது.

அதுகூடப் பெரிய குற்றமில்லை. அந்தப் பியானோவில் அவர் வாசித்திருந்தது பாஸ்காவின் கார்டுகள்.

பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி முடிந்ததும் கீபோர்டை மூடித் துணி போர்த்துவார்கள். பிறகு கோயிலில் வாத்தியம் கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டைதான். சனி இரவு, ஈஸ்டர் பிறக்கும் பாஸ்கா பூசையில் விளக்கெல்லாம் எரிந்து, மணிகள் சேர்ந்து அடிக்க, மறுபடி 'உன்னதங்களிலே' தொடங்க, பிரகாசம் அந்தக் கார்டுகளை அழுத்துவார். அப்புறம்தான் பங்கு மக்களுக்கு ஆண்டவர் உயிர்த்தெழுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வருஷத்தின் மற்ற ஞாயிறுகளை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

தேங்காய் துருவி முடிவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பாடற்குழுத் தலைவி கேரல். பள்ளிக்கூட டீச்சர், பிரகாசத்தின் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் அவள் கையைத் தூக்கினால்தான் அவர் விரல் இறங்கும். கையைத் துடைத்துக்கொண்டு அவர் ஹாலுக்கு வந்தார்.

"உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?"

"இன்னிக்கு ஒருசந்தி விரதம், அங்கிள்."

"தண்ணியால ஒருசந்தி உடையாதுடி. கோபத்தாலதான் உடையும்" என்றாள் ஜெசிந்தா.

கேரல் உட்கார்ந்தாள். "ஈமெயில் எல்லாருக்கும் வந்திருக்கு, அங்கிள். ஃபாதருக்கும் வந்திருக்கு."

"மெஷின் அனுப்புச்சும்மா. நான் அனுப்பல."

"'காத்திருந்தது போதும், இன்றே கேளுங்கள்'னு மெஷினா எழுதுச்சு?"

"அது நான் ஜனவரியில எழுதுனது."

"இந்த வருஷம் பெரிய வெள்ளி வராதுன்னு நெனச்சீங்களா?"

"காலண்டர்ல செவப்பா இருந்துச்சு. லீவுதானே, நிம்மதியா கேப்பாங்கன்னு…"

"கேட்டாங்களே! நெனச்சது நடந்துருச்சுல்ல?" என்றாள் ஜெசிந்தா.

"பாஸ்கா கார்டை டிஸ்கோல போட்டிருக்கீங்க, அங்கிள்."

"டிஸ்கோ இல்லம்மா, பியானோ ஹவுஸ்."

"எந்த ஹவுஸா இருந்தா என்ன? சிலுவைப்பாதை ஆரம்பிக்கறதுக்குள்ள எடுத்துருங்க. குரூப்ல சும்னே ஒரு ஸாரி போட்டுருங்க. இல்லேன்னா நாளைக்கு உன்னதங்களிலே ஆஷ்லி வாசிப்பான். ஃபாதர் சொல்லியாச்சு."

ஆஷ்லி பேங்க்கில் வேலை பார்ப்பவன். ஒரு விரலை வைத்துவிட்டு மீதிப் பொறுப்பைக் கீபோர்டிலேயே இருக்கும் தாளத்திடம் ஒப்படைத்துவிடுவான். போன கிறிஸ்மஸில் நற்கருணைப் பாட்டு நடுவில் அது தானாக சம்பா நடனத் தாளத்துக்குத் தாவியது. பத்திரமான கைகள் என்று அதற்கப்புறமும் அவனைச் சொல்பவர்கள் இருந்தார்கள்.

பிரகாசம் மாடிக்குப் போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார்.

நிறுவனம் தொடங்கிய நாள் முதல் கேட்டவர்களை எல்லாம் கூட்டினாலும், இன்று காலையில் கேட்டவர்களுக்கு ஈடாகாது. டீப் ஹவுஸ் மூன்றையும் ஒருவரும் தொடவில்லை. பியானோவை மட்டும் கடைசிவரை கேட்டிருந்தார்கள். வாத்தியச் சத்தமே ஆகாத நாளில், எவ்வளவு பெரிய தப்பு என்று உறுதிப்படுத்திக்கொள்ளப் பங்கே உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருக்கிறது. சிலர் இரண்டாம் முறையும் உறுதிப்படுத்தியிருந்தார்கள்.

"என்னங்க, கண்ணு கலங்குது? தேங்காய் துருவுனதுக்கா?" என்றாள் ஜெசிந்தா.

எடுத்துவிட்டு திங்கட்கிழமை மறுபடி போடலாம்தான். திங்கட்கிழமை யார் கேட்பார்கள்? பங்கு மக்கள் மன்னித்துவிட்டால் கேட்பதற்கு அவர்களுக்குக் காரணமே இருக்காது. எடுக்காவிட்டால் நாளை இரவு, மணியெல்லாம் அடிக்கும்போது, ஆஷ்லியின் ஒற்றை விரல். சம்பாவில் உயிர்த்தெழ வேண்டியிருந்தாலும் இருக்கும்.

"கஞ்சிப் பாத்திரம் எனக்காக வெயிட் பண்ணுது, அங்கிள்" என்றாள் கேரல்.

பிரகாசம் 'நீக்கு' என்பதை அழுத்தினார். நிச்சயமாகவா என்று லேப்டாப் ஒருமுறை கேட்டது. வீட்டில் அவரை அப்படிக் கேட்டது அது ஒன்றுதான். மறுபடியும் அழுத்தினார்.

"போயிருச்சா?" என்றாள் ஜெசிந்தா. குரலில் கேலி கொஞ்சம் குறைந்திருந்தது.

"போயிருச்சு."

குரூப்பில் ஸாரியும் போட்டார். கேரல் தன் போனில் அதைச் சரிபார்த்துவிட்டு, முகம் இளகி, "நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துருங்க அங்கிள், போன வாரம் ஸ்பீக்கர் வயர் கரகரன்னுச்சு" என்றாள். அவருடைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கேரல் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"கேரல், நீ முழுசாக் கேட்டியா?" என்றார் பிரகாசம்.

"கேக்காம எப்படி அங்கிள் வந்து சொல்றது?"

"இல்ல, நடுவுல டிரம் நின்னுரும். பியானோ மட்டும் தனியா வரும். அந்த இடம்…" ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவரைப் போல அவள் முகத்தையே பார்த்தார். "அந்த இடம் எப்படி இருந்துச்சும்மா?"

கேரல் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதிலைப் பாஸ்காவுக்கு ஒத்திவைத்தவளைப் போல, மேஜைமேல் கிடந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, கேரல் ஹாலை விட்டு வெளியே போனாள்.