குமுதினி அடி பார்க்கப் போன குளம்

குமுதினியின் கோப்பில் ஒரு தாள்கூட இடம்மாறி இருந்ததில்லை. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் இருபத்தாறு வருடம் பராமரிப்பு வேலை செய்தாள். அதில் பதினாறு வருடம் நானும் அதே மாடியில் இருந்தேன். யாரை எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தது, யார் எவ்வளவு தண்ணீர் குடித்தது, எல்லாவற்றையும் மணியும் நிமிடமும் போட்டு எழுதுவாள். "எழுதாட்டில் செய்யேல்லை எண்டுதான் அர்த்தம்" என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். பரிசோதிக்க ஆட்கள் வந்தால் மேற்பார்வையாளர் அவளுடைய கோப்பைத்தான் முதலில் எடுத்து வைப்பார். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை விட்ட பிழையை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

அவள் யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நிலாவரைக் கிணற்றைப் பார்க்கக் கூட்டிப்போனார்களாம். எட்டிப் பார்த்தால் பச்சைத் தண்ணீர். இதற்கு அடி கிடையாது என்று ரீச்சர் சொன்னார். அடி இல்லையென்றால் தண்ணீர் எதிலே நிற்கிறது என்று குமுதினி கேட்டாள். ரீச்சர் தலையில் ஒரு குட்டு வைத்து வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். ஊர்க்கதை அதிகம் கதைக்காதவள் இந்த ஒன்றை மட்டும் தேநீர் இடைவேளையில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். குட்டு அவளுக்குப் பெரிதில்லை. மறுமொழி வராததுதான் பிரச்சினை.

அறுபத்தொரு வயதில் நகரசபை நீச்சல் தடாகத்தில் நீந்தப் பழகினாள். கோயிலில் சிரித்தார்கள். "என்ன குமுதினி, ஒலிம்பிக்குக்கோ?" என்று நடேசன் அண்ணை கேட்டார். அவள் நீச்சல் தேர்வின் வெண்கலச் சான்றிதழை எடுத்து, பிரதி எடுத்து, கோப்பில் போட்டாள். குளோரின் தலைமயிரைக் காயவைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் தொப்பிக்குக் கீழே நல்லெண்ணெய் வைத்துக்கொண்டுதான் போவாள். இடுப்புவரை பின்னல். மூன்று வருடமாகத் தடாகத்தில் அந்த எண்ணெயைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஹார்ஸ் மலைகளுக்குத் தெற்கே, நிலத்துக்கடியில் ஜிப்சம் கரைந்து, மேல்மண் உள்ளே இடிந்து விழுந்ததால் உண்டான குளங்கள் இருக்கின்றன. அதில் இரண்டு குளங்களில், கோடையில் சில சனிக்கிழமைகளில் மட்டும், மூச்சுக்குழாயும் முகக்கண்ணாடியும் போட்டு வழிகாட்டியோடு மிதக்க விடுகிறார்கள் என்று மகள் தேனுஜா கண்டுபிடித்தாள். முதல் தடவை புயல் எச்சரிக்கை என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம், போகவிருந்த அன்று காலையில் கணவர் யோகலிங்கத்துக்குப் பித்தப்பைக் கல். மூன்றாவது தடவை டெர்மின் என்று ஒரு தேதி கிடைத்தபோது கண்ணில் அமுக்கம் கூடிவிட்டது. சத்திரசிகிச்சை அந்தச் சனிக்கிழமை கழிந்த வியாழன். அதற்குப் பிறகு தலையைத் தண்ணீருக்குள் விடுவதை மறந்துவிடுங்கள் என்று கண் வைத்தியர் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு நாள் போகலாமா என்று கேட்டு, கையெழுத்தும் வாங்கி, அதையும் கோப்பில் போட்டாள். அந்தச் சனிக்கிழமை விட்டால் வேறு சனிக்கிழமை இல்லை.

தேனுஜா கார் ஓட்டினாள். நான் துவாய் பிடிக்கப் போனேன். பத்து மணிக்கு முதற்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தேனுஜாவோடு சேர்த்து, இறங்குவதற்கு மொத்தம் எட்டுப் பேர். வழிகாட்டி வீப்க என்ற பெண். முப்பது வயதிருக்கும், உயிரியல் படித்தவள். குமுதினியின் கோப்பைப் பார்த்து, "இப்படி ஒருவரும் கொண்டு வந்ததில்லை" என்றாள். இறங்குகிறவர்கள் எல்லோரும் தடித்த ரப்பர் உடுப்புக்குள் நுழைந்தார்கள். குமுதினியை நுழைக்க நானும் தேனுஜாவும் இருபது நிமிடம் இழுத்தோம். பிறகு வீப்க அவளுக்கு முகக்கண்ணாடி மாட்டினாள். பின்பக்கப் பட்டி வழுக்கியது. மறுபடி மாட்டினாள். மறுபடி வழுக்கியது. தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள்.

"தலையில் என்ன?"

"எண்ணெய்" என்றாள் குமுதினி, இதிலென்ன கேள்வி என்பதுபோல.

வீப்க கையைத் துடைத்தாள். இது நிலத்தடி நீர், இதற்குள் பூச்சு எதுவும் போகக்கூடாது, அந்த நிபந்தனையில்தான் அனுமதியே தருகிறார்கள் என்றாள். தோலிலும் தலையிலும் எதுவும் பூசி வரவேண்டாம் என்று மெயிலில் போட்டிருந்தோமே என்றாள்.

தேனுஜா கோப்பைத் திறந்தாள். மெயில் அச்செடுத்து வைத்திருந்தது. அந்த வரிக்குக் கீழே குமுதினியே சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தாள்.

"அம்மா! நீங்கள்தானே கோடு போட்டிருக்கிறியள்!"

"நான் கிறீம் ஒண்டும் பூசேல்லை. பவுடர்கூடப் போடேல்லை."

"எண்ணெய்?"

"எண்ணெய் பூச்சோ? அது தலைக்கு வைக்கிறது."

அவளுக்கு அது உடுப்பு உடுத்துவதுபோல. உடுத்தது என்று யாரும் தனியாக எழுதி வைப்பதில்லை. எனக்கும் காரில் மூன்றரை மணி நேரம் அந்த வாசம் மூக்கில் இருந்தது. நானும் யோசிக்கவில்லை.

சம்பூ போட்டுக் கழுவலாமா என்று கேட்டேன். சம்பூ எண்ணெயைவிடக் கெட்டது, நுரை ஒரு துளியும் கூடாது என்றாள் வீப்க. தேனுஜா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒரு நட்சத்திரம்தான் போடுவேன், நடந்ததையெல்லாம் இணையத்தில் எழுதுவேன் என்று ஜெர்மனில் சத்தம் போட்டாள். அதுவரை பாவம் பார்த்துக்கொண்டிருந்த வீப்கயின் முகம் இறுகிவிட்டது. மற்ற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். மெயிலைச் சரியாக வாசித்தவள் என்பதால் தேனுஜாவும் போகலாமாம். அவள் போகவில்லை. காருக்குள் போய் இருந்து அழுதாள்.

குமுதினி ரப்பர் உடுப்போடு கரையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. யோகலிங்கம் தொலைபேசி எடுத்தார். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"இறங்கியாச்சோ?"

"இல்லை."

"ஏன்?"

"தலையிலை எண்ணெயாம்."

"நான் அப்பவே நினைச்சனான்."

"நினைச்சனீங்கள் எண்டால் சொல்லுறதுக்கென்ன?"

"நீர் எப்ப நான் சொல்லிக் கேட்டனீர்? அதை விடும், அந்த மீன்குழம்பு எந்தச் சட்டியிலை?"

அவள் தொலைபேசியை அணைத்தாள். குளத்தில் மற்றவர்களுடைய முதுகுகள் மிதந்தன. ஒருவன் தலையைத் தூக்கி, அடிவரை தெரிகிறது என்று கத்தினான். குமுதினி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போவம் அக்கா. காணும்" என்றாள் என்னிடம்.

எனக்குக் கோபம் வந்தது. அவளில், வீப்கயில், என்னில், எல்லாரிலும். "இரண்டாவது குளம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்கு."

"நூற்றுப்பதினாலாம் அறை மனுசிக்கு நாங்கள் எப்பிடித் தலை சுத்தம் செய்தனாங்கள்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அறையில் இருந்த அம்மா கட்டிலோடு கிடந்தவர். இடுப்பெலும்பு உடைந்து எழுந்து உட்கார முடியாத வாரங்களில், மாவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை மா குடித்த பிறகு, நெருக்கமான சீப்பால் வாரி எடுப்போம்.

தேனுஜாவைக் காரிலிருந்து எழுப்பி ஊருக்குள் அனுப்பினேன். உணவகச் சமையலறையில் கேட்டு, கறுத்தப் பாண் சுடுகிற மா இரண்டு கிலோவும் வாளியில் சுடுதண்ணீரும் வாங்கி வந்தாள். முதலில் உலர்ந்த மா. தேய்த்து, பொறுத்து, வாரினோம். மா கட்டிகட்டியாக விழுந்தது. அடுத்தது மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, தலைமுதல் பின்னல் நுனிவரை பூசி, புல்லில் ஊற்றிக் கழுவினோம்.

"மெதுவா இழுங்கோ அக்கா, தோல் கழருது."

"கதைக்காதையும். வாய்க்குள்ளை மா போகும்."

"ரொட்டி சுடப்போறியளோ எண்டு றோட்டிலை போற ஆள் பாக்கிறார்."

"சுட்டால் உம்மடை எண்ணெயிலையே சுடலாம்."

முதற்குளம் முடித்து வந்த வீப்க, சமையலறைக் கடதாசி ஒன்றை எடுத்து அவள் உச்சியில் வைத்து அழுத்தினாள். கடதாசியில் நிலா மாதிரி ஒரு கறை. தலையை ஆட்டினாள். ஆனால் போய்விடவில்லை. "ஒன்றரைக்கு இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றாள். மூன்றாம் தடவையும் நான்காம் தடவையும் தேய்த்தோம். எனக்குத் தோள்மூட்டு விட்டுப்போனது. ஒன்றரைக்கு உச்சியில், காதோரத்தில், பின்னல் நடுவில், நுனியில் என்று நான்கு கடதாசி வைத்தாள். நான்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நனைந்திருந்தன, அவ்வளவுதான்.

"இறங்கலாம்."

இரண்டாவது குளம் சின்னது, ஆழம். தேனுஜா என்னோடு கரையில் நின்றுகொண்டாள். குமுதினி கடைசியாக இறங்கினாள். அவள் தலையைத் தண்ணீருக்குள் வைப்பதற்குள் முன்னால் போனவர்கள் காலில் போட்ட துடுப்புச் சப்பாத்தால் அடித்துச் சேற்றைக் கிளப்பிவிட்டார்கள். அவள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக் கையை விரித்தாள். பால் தேத்தண்ணி மாதிரி, ஒன்றும் தெரியவில்லையாம். தேனுஜா பல்லைக் கடித்தாள். எனக்கு அந்த ஆறு பேரையும் காதில் பிடித்து வெளியே இழுக்கவேண்டும்போல இருந்தது.

இழுக்கத் தேவைப்படவில்லை. தண்ணீர் பன்னிரண்டு பாகை. கால்மணி நேரத்தில் குளிர்ந்து ஒவ்வொருவராக ஏறினார்கள். வீப்க குமுதினியையும் கூப்பிட்டாள். குமுதினி ஏறவில்லை. கையையும் காலையும் விரித்து, அசையாமல், முகம் கீழே வைத்துக் கிடந்தாள். நித்திரை கொள்ளுகிற நோயாளியைக் குழப்பாமல் பக்கத்தில் நிற்கப் பழகியவள் அவள். ஒருவரைத் தனியே விடக்கூடாது என்பது வீப்கயின் விதி. ஆகவே வீப்கயும் பக்கத்தில் அசையாமல் கிடக்கவேண்டியதாயிற்று. சேறு அடங்கும்வரை இருவரும் அப்படியே கிடந்தார்கள். இருபது நிமிடம் இருக்கும்.

ஏறி வந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. நான் துவாயைப் போட்டு முதுகைத் தேய்த்தேன். தேனுஜா, "அம்மா, தெரிஞ்சதோ?" என்றாள்.

"ஓம். அடி இருக்கு" என்றாள் குமுதினி. பல் கிடுகிடுத்தது. "வெள்ளை மண். ஒரு மூலையிலை தண்ணி கீழையிருந்து மேலை வருது, அதிலை மண் பொங்கிப் பொங்கி விழுது. அதிலைதான் தண்ணி நிக்குது." பிறகு வீப்கயின் பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னாள்: "அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடக்கிறது."

வீப்க முகக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, தானும் கண்டதாகவும் போன கிழமை அது இருக்கவில்லை என்றும் சொன்னாள். யாரோ விடுமுறைக்காரர் எறிந்திருக்கவேண்டும்.

"கதிரையை விடுவினம். எண்ணெயை விடாயினம்" என்று குமுதினி எனக்குத் தமிழில் சொன்னாள். மா இன்னும் காதுக்குள் இருந்தது. துவாயால் கையைத் துடைத்து, கோப்பைக் கேட்டு வாங்கினாள். அதிலிருந்து ஒரு வெற்றுத் தாளையும் பேனையையும் எடுத்து வீப்கயிடம் நீட்டினாள்.

"எழுதுங்கள். வெள்ளைக் கதிரை, ஒன்று. இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்."

வீப்க நின்றபடியே எழுதினாள். குமுதினி வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கையெழுத்துப் போடவில்லை" என்றாள்.