மஞ்சள் தட்டில் என் பெயர்

இரத்த வங்கி அக்காவின் மேசையின் இடது மூலையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். வார்ட்டுகளிலிருந்து வரும் இரத்த மாதிரிக் குழாய்களில் ஏதாவது கேள்வி உள்ளவை மட்டும் அதற்குள் போகும். பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தது, பிறந்த திகதி மாறினது, பழைய பதிவோடு ஒத்துவராதது. நான் அந்த ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவன். பின்னேரம் மூன்று மணிக்கு இரத்த வங்கி அறைக்குப் போவேன். மேசையில் எதையும் நகர்த்தித் துடைக்கலாம், அந்தத் தட்டை மட்டும் தொடக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. ஒருநாள் அதற்குள் என்னுடைய பெயரைக் கண்டேன்.

அங்கே வேலை செய்த தமிழர் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் சொல்வோம். மன்னார்ப் பக்கத்து ஆள், இரத்தம் சோதித்துப் பை அனுப்புகிறவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆட்களோடு கதைக்கக் கூச்சம். எட்டு வருடத்தில் ‘வணக்கம் அக்கா’, ‘போட்டு வாறன் அக்கா’ என்பதைத் தவிர அவரோடு அதிகம் பேசியதில்லை. ஆனால் நிலம் துடைக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் எல்லோரையும் பார்ப்பான். அக்கா ஒவ்வொரு குழாயையும் கையில் எடுத்து, பெயரின் எழுத்துகளைப் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசிப்பார். எங்கள் ஆட்களின் பெயர்கள்தான் அவருக்குப் பெரிய வேலை. தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறி நிற்கும். ஒருமுறை மேலேயிருந்து ஒரு டொக்டர் தொலைபேசியில் கத்தியது எனக்கே கேட்டது. அக்கா ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து, புதிதாக இரத்தம் எடுத்து அனுப்பும்படி மெதுவாகச் சொன்னார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “கத்தட்டும் தம்பி. பிழையான இரத்தப் பையை ஏத்தினா நோயாளிக்குக் கத்தவும் நேரம் இராது.”

அந்த வருடம் என் குடலில் ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லி ஒப்பரேஷனுக்கு நாள் வைத்திருந்தார்கள். காலையில் இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் வழமைபோல வாளியோடு போனேன். தட்டில் ஒரேயொரு குழாய். என் பெயரை எனக்கு இங்கிலீசில் வாசிக்கத் தெரியும்.

“இன்னொருக்கா இரத்தம் குடுக்கவேணும் தம்பி,” என்றார் அக்கா. “இண்டைக்கு குறூப் பி எண்டு வருது. பழைய பதிவில ஓ எண்டு கிடக்கு. முந்தி இஞ்ச வந்து படுத்தனீங்களோ?”

நான் அங்கே ஒருநாளும் படுத்ததில்லை. படுத்தது என் சின்னண்ணை. பல வருடங்களுக்கு முன், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் ஆறு பேராக இருந்த காலம். அவர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த புதிது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரசு கொடுக்கும் ஹெல்த் காட் இன்னும் கிடைக்கவில்லை. களவாக வேலை செய்த இடத்தில் மெசின் கையைக் கிழித்துவிட்டது. துவாயால் சுற்றிக்கொண்டு நின்றவரிடம் என் ஹெல்த் காட்டைக் கொடுத்தேன். அந்தக் காலத்துச் சிவப்பு வெள்ளைக் காட்டில் படம் இல்லை. “ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், ஒரே இரத்தம். ஆரடா கண்டுபிடிக்கிறது?” என்று அந்த வலியிலும் சிரித்தார். நானும் அதை நம்பினேன்.

அக்காவிடம், “ஓம், வந்தனான். அப்ப ஓவாத்தான் இருக்கும்,” என்றேன். வேலை போய்விடும், அண்ணைக்கும் கரைச்சல் வரும் என்ற பயம். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

இரவு டோர்செட் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, இரண்டாம் தரம் இரத்தம் கொடுக்கவேண்டும் என்று மனைவிக்குச் சொன்னேன். “என்ர இரத்தம் ஓவாம்,” என்றும், அக்காவிடம் சொன்ன பொய்யோடு ஒத்துப்போகச் சொல்லிவைத்தேன். மகள் இடியப்பத்திலிருந்து நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் அவள் இரத்தம் கொடுத்து ஒரு மாதம்கூட இல்லை.

“வெயிட் அப்பா. நான் ஏபி. அம்மா ஏ. நீங்க ஓ எண்டா நான் ஏபி ஆகேலாது. பயோலஜியில படிச்சனாங்கள். இட்ஸ் நொட் பொசிபிள்.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், அப்படியென்றால் நான் அவளுக்குத் தகப்பனில்லை என்றாகிறது என்பது அவளுக்கே விளங்கியது. மனைவியின் கையில் சொதிக் கரண்டி அப்படியே நின்றது. “என்னப்பா, பேசாம இருக்கிறியள்?” என்றாள். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லவேண்டிய இடம் அது. சொன்னால் காட்டின் கதையும் வெளியில் வரும் என்று, நான் குனிந்து இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். காலையில் எனக்குச் சாப்பாடு கட்டி வைத்திருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மூன்று மணிவரை என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தியானமே வாளியில்லாமல் அக்காவின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் நடந்ததையும் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

“இரத்தம் மாறாது தம்பி, ஆள்தான் மாறும். ரெண்டு பேர் எண்டு நேற்றே விளங்கிட்டுது,” என்றார் அக்கா. “எங்கட ஆக்கள் சைக்கிள் இரவல் குடுக்கிறமாதிரி காட்டையும் குடுத்தவை. நீங்கள் முதல் ஆளில்லை.”

பிறகு ஒரு பேப்பரை எடுத்தார். “எங்கட பேரில தேப்பன்ர பேர் மட்டும்தான் வரும். இரத்தம் அப்பிடியில்லை. தாயிட்ட ஒண்டு, தேப்பனிட்ட ஒண்டு வாங்கிக்கொண்டுதான் பிள்ளை வரும். உங்கட மகள் ஏயைத் தாயிட்ட வாங்கினவள். பியை ஆரிட்ட வாங்கினவள்? ஓக்காரரிட்டக் குடுக்க ஏயும் இல்லை, பியும் இல்லை. உங்கட இரத்தம் பி. அவள் உங்களிட்டத்தான் வாங்கினவள்.”

“ஒரு தாய் வயித்தில அண்ணைக்கு ஓ, எனக்கு பி வருமோ அக்கா?”

“வரும். தாயிட்டயும் ரெண்டு இருக்கு, தேப்பனிட்டயும் ரெண்டு இருக்கு. ஒரு பிள்ளைக்கு அதில ஒண்டு போகும், மற்றப் பிள்ளைக்கு மற்றது போகும். ஓ பின்னால ஒளிச்சு நிக்கும், வெளியில தெரியாது.” அந்த வயதில், முதல் தடவையாக, என் அம்மாவும் அப்பாவும் எனக்கு ஆளுக்கொன்று தந்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது.

அவர் மேசைத் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். “மற்ற அலுவலெல்லாம் பிறகு. முதல் வீட்டுக்கு எடுங்கோ.”

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள், சின்னண்ணையைக் குறித்து, “கொண்ணைக்கு இனி இந்த வீட்டில தேத்தண்ணியும் இல்லை,” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. “கொண்ணையைக் காப்பாத்த, பிள்ளைக்கு முன்னால என்னை விட்டிட்டியளே,” என்றாள்.

இதை மேலதிகாரிகளுக்குச் சொல்லாமல் விடமுடியாதா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் தலையாட்டவில்லை. “உங்களுக்கு ஓ ஏத்தினாப் பெரிய ஆபத்தில்லை. குழப்பம் தீருமட்டும் ஓ பைதான் குடுக்கிறதெண்டு நேற்றே ஒழுங்கு செய்திட்டன். ஆனா நாளைக்கு உங்கட பேரில பி எண்டு எழுதினபிறகு, கொண்ணை திரும்ப உங்கட காட்டோட மயங்கி வந்தாரெண்டால்? அவருக்கு பி ஏத்தினா ஆள் முடிஞ்சுது. நான் மறைக்கமாட்டன். நீங்களே வந்து சொல்லுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்.”

நின்றார். நான் தெரிந்த இங்கிலீசில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சொல் வராமல் நின்ற இடத்தில் மட்டும் ஒரு சொல் எடுத்துத் தந்தார். எனக்காகக் கெஞ்சவில்லை, என் கதையை அவர் சொல்லவும் இல்லை. எச்சரித்துக் கையெழுத்து வாங்கினார்கள். வேலை போகவில்லை. சின்னண்ணை முணுமுணுத்துக்கொண்டு வந்து தன் சொந்தக் காட்டோடு இரத்தம் கொடுத்தார். ஓ. என் பெயரிலிருந்த அவருடைய பதிவை அவரிடம் மாற்றினார்கள். ஒப்பரேஷனில் எனக்கு இரண்டு பை பி ஏற்றினார்கள். கட்டி கெட்டதல்ல என்றார்கள்.

அக்கா ஓய்வுபெற்று இப்போது ஒஷாவா நகரில் மகனோடு இருக்கிறார். தைப்பொங்கலுக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் என் மனைவி அவருக்குப் போன் எடுப்பாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம் சின்னண்ணை வயிற்றுப்புண் வெடித்து, நினைவில்லாமல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தான் யார் என்று சொல்ல அவரால் முடியவில்லை. சட்டைப்பையில் இருந்த அவருடைய சொந்தக் காட் சொன்னது. மூன்று மணிக்கு வாளியோடு இரத்த வங்கி அறைக்குப் போனேன். அக்காவின் கதிரையில் இப்போது ஒரு சீனப் பிள்ளை இருக்கிறாள். நான் முதலில் பார்த்தது இடது மூலையைத்தான். மஞ்சள் தட்டு வெறுமையாக இருந்தது. பழைய பதிவோடு ஒத்துவந்து, அண்ணையின் இரத்தம் கேள்வியில்லாமல் போயிருந்தது.

தட்டை நான் தொடவில்லை. அதைச் சுற்றித் துடைத்துவிட்டு, அண்ணையைப் பார்க்க மேலே போனேன்.